பொறுப்பில் இருந்தவர் போட்ட கையெழுத்து

கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்ந்து உட்காரும்மா. அந்த ஓரத்துல பெஞ்சுக்கு ஒரு கால் சரியில்லை, ஆளைச் சாய்ச்சு விட்டுடும். ஆங், அப்படித்தான். மனு கொடுக்க வந்தியா? மனு வாங்கறதெல்லாம் கீழ. இது மூணாவது மாடி, இங்க விசாரணை மட்டும்தான். சரி, ஏறி வந்தது வந்துட்ட, ஃபேன் காத்தாவது வருது, உட்காரு.

நான் யார்கிட்டயும் பேசக்கூடாது, தெரியுமா? எங்க வீட்டுக்காரர் காலையில கிளம்பும்போதே சொல்லிட்டாரு. "அரசி, அங்க வந்து வாயைத் திறக்காதே. சாட்சி சொல்ல யாராவது வருவாங்க. அவங்ககிட்ட நம்ம பக்கத்து ஆளு பேசினா அது பெரிய குத்தம்"னாரு. நான் எங்கம்மா பேசறேன்? எனக்குப் பேச்சே அவ்வளவா வராது. வந்ததிலேர்ந்து அந்தச் சுவத்துல இருக்கற வெத்தலைக் கறையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். உன்கிட்ட பேசறதெல்லாம் பேச்சுல சேர்த்தியா என்ன!

உள்ள இருக்கறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். தணிகாசலம்னு பேரு. யூனியன் ஆபீஸ்ல துணை பி.டி.ஓ. இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறாரு. ஆகணும். ஆக விடுவாங்களான்னுதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.

கவர்மெண்ட்ல ரிட்டயர் ஆகறது எப்படின்னு பார்த்திருக்கியா நீ? சாயங்காலம் ஆபீஸ்ல மாலை போட்டு, சால்வை போத்தி, ஜீப்புல முன்சீட்டுல உட்கார வச்சு, ஆபீஸே கூட வந்து வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போகும். தெருவே நின்னு பார்க்கும். வீட்டுக்காரி ஆரத்தி எடுக்கணும். எங்க எதிர் வீட்டு சர்வேயருக்கு அப்படித்தான் வந்தாங்க. அந்தாளு வாங்காத லஞ்சம் கிடையாது, அவருக்கு ரெண்டு ஜீப்பு! நான் கல்யாணமாகி வந்ததிலேர்ந்து, இந்த மனுஷன் ஒரு நாள் மாலையோட அந்த ஜீப்புலேர்ந்து இறங்குவாருன்னு காத்துக்கிட்டிருக்கேன். ஆரத்தித் தட்டு கூட புதுசா வாங்கி வச்சாச்சு. இப்ப என்னடான்னா, இந்த விசாரணை பாதகமாப் போனா கடைசி நாள் மத்தியானம் மாலைக்குப் பதிலா சஸ்பெண்ட் ஆர்டரைக் கையில குடுப்பாங்களாம். ரிட்டயர் ஆகவே விடமாட்டாங்களாம். பென்ஷன் நிக்கும். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எப்பவும் போல டவுன் பஸ்ல வந்து இறங்குவாரு. நான் ஆரத்தியை யாருக்கு எடுக்கறது, கண்டக்டருக்கா?

என்ன அப்படிப் பார்க்கற? லஞ்சம் வாங்கிட்டாருன்னு நினைக்கறியா? ஐயோ, வாங்கியிருந்தா இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேனே. வாங்கினவங்க யாரும் இந்த பெஞ்சுக்கு வர்றதே இல்லை.

இவரு எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்றேன் கேளு. கவர்மெண்ட்ல ஒரு பொருள் வாங்கணும்னா டெண்டர் விடணும், இல்ல மூணு கடையில விலை கேட்டு மூணு கொட்டேஷன் வாங்கணும். அவசரம்னா மட்டும், அந்த விதியிலேர்ந்து விலக்கு தரலாம்னு ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போடுவாரு. விதிவிலக்குன்னு சொல்லுவாங்க. நாட்டுல எல்லாருக்கும் எல்லாமே அவசரம்தான். நாற்காலி அவசரம், திரைச்சீலை அவசரம், மந்திரி வர்றதுக்குள்ள ஏசி அவசரம். இவருகிட்ட வந்தா, "நாற்காலி இல்லாம யாரு செத்தா?"ன்னு கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவாரு. சர்வீஸ் முழுக்க இதே வேலை. அதனாலேயே ஊர் ஊரா மாத்தினாங்க. நான் எத்தனை ஊர்ல பால்காரனைப் புதுசா பிடிச்சிருக்கேன் தெரியுமா!

வீட்டுலயும் அதே கதைதான். கிரைண்டர் வாங்கணும்னா மூணு கடை. மூணாவது கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள முதல் கடையில சரக்கு தீர்ந்துடும். அதை விடு, எங்க பொண்ணுக்கு முதன்முதல்ல ஒரு ஜாதகம் வந்துச்சு. நல்ல இடம், பையன் பாங்க்ல வேலை. நான் பிரிக்கலாம்னு கையில எடுத்தா, "இன்னும் ரெண்டு வரட்டும், ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணா அது சிங்கிள் டெண்டர்"ங்கறாரு. என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிச்சா. மூணு சேர்றதுக்குள்ள அந்தப் பையனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது, இன்னும் எரியுது.

இப்படிப்பட்ட மனுஷன் ரிட்டயர் ஆகப் போற நேரத்துல ஒரே ஒரு விதிவிலக்குக்குக் கையெழுத்துப் போட்டாரு. ஒண்ணே ஒண்ணு. அதுவும் எப்போ? பொறுப்புல இருக்கும்போது!

பொறுப்புன்னா உனக்குத் தெரியாது. பெரிய ஆபீசர் லீவுல போனா, அவரு வர்ற வரைக்கும் அடுத்த ஆளு சீட்டைப் பார்த்துக்கணும். அதுதான் பொறுப்பு. பொறுப்புல இருக்கறவரு சம்பள பில்லுல கையெழுத்துப் போடுவாரு, வர்றவங்களுக்கு டீ சொல்லுவாரு, அவ்வளவுதான். வம்பான ஃபைல் வந்தா அப்படியே பத்திரமா வச்சிருந்து, பெரியவரு வந்ததும் மேஜையில வச்சிடணும். ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்களுக்குக் கூட இது தெரியும். பி.டி.ஓ. குணசீலன்னு ஒருத்தரு. அவரு மெடிக்கல் லீவு போட்டதே அந்த ஃபைல் வருதுன்னு தெரிஞ்சுதான். உடம்பு சரியில்லாத மனுஷன் குடும்பத்தோட ஏற்காட்டுல இருந்தாரு. என் கண்ணால போட்டோ பார்த்தேன், போன்ல.

என்ன ஃபைல்னா, மூக்கன்கொட்டாய்னு ஒரு ஊரு. மலையடிவாரத்துல எங்கேயோ கிடக்கு. அங்க போர்ல இருந்த மோட்டார் எரிஞ்சு போச்சு. போன வருஷம், நல்ல சித்திரை வெயில்ல. சாதாரண மோட்டார் போட்டா அங்க தண்ணி ஏறாதாம், அவ்வளவு ஆழம். டெண்டர் விட்டு வாங்கணும்னா வைகாசி போயிடும். விதிவிலக்குக் குடுங்கன்னு கேட்டு ஃபைல் வந்துச்சு. குணசீலன் ஏற்காடு போயிட்டாரு.

இவரு பேசாம மேஜைக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கலாமில்ல? பூட்டலை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்குப் போய்ட்டாரு. நாற்காலி இல்லாம யாரும் சாகலை, தண்ணி இல்லாம எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும்னு போனாராம்.

அங்க என்ன பார்த்தாரோ, வந்து சொல்லவே இல்லை. அப்புறமா ஒரு நாள் தானா சொன்னாரு. கல்லுடைச்ச குழியில கொஞ்சம் தண்ணி கிடந்துச்சாம், அதுல இறங்கித்தான் எல்லாரும் மொண்டுக்கிட்டு வந்தாங்களாம். ஒரு பொம்பளை அதுல வழுக்கி விழுந்து கை முறிஞ்சு, கட்டுப் போட்ட கையோட, இன்னொரு கையில குடத்தை வச்சுக்கிட்டு மேல ஏறி வந்தாளாம். இவரு குடத்தை வாங்கப் போனா, "வேணாம் சார், சிந்திடும்"னாளாம். அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல கேட்டா எழுந்து போயிட்டாரு.

அந்த ஊருக்குப் போன அன்னைக்கு, வீட்டுக்கு வந்து சோத்துக்கு உட்கார்ந்தவரு சாப்பிடவே இல்லை. டம்ளர்ல தண்ணி ஊத்தினேன், பாதியிலேயே கையைக் காட்டி, "போதும்"னாரு. பிசைஞ்ச சோத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அன்னைக்குன்னு பார்த்து நான் கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தேன். எனக்கு வந்துச்சே கோபம்! "உம்முன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் குழம்பைக் கெடுக்கறதுக்கு, அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தொலைங்களேன்"ன்னேன். வீட்டுல பொம்பளைங்க ஆயிரம் சொல்லுவோம். அதுக்காகப் போய்ப் போட்டுடறதா? மறுநாள் போட்டுட்டு வந்து நிக்கறாரு. நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் இல்லையேன்னு நினைச்சாத்தான் எனக்கு மனசே ஆற மாட்டேங்குது.

ஏம்மா, அந்தப் பையில தண்ணி பாட்டில் தானே தெரியுது? கொஞ்சம் குடேன். தொண்டை வறண்டு போச்சு. இவ்வளவு பெரிய கட்டடம், குடிக்கத் தண்ணி வைக்கலை பாரு.

என்னம்மா இது, இடது கையால நீட்டற? பெரியவங்களுக்குக் குடுக்கும்போது சோத்துக்கையால குடுக்கணும்னு உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா? சரி குடு, தாகத்துக்கு எந்தக் கையா இருந்தா என்ன.

ம்ம். லேசா உப்புக் கரிக்குது. ஆனா நல்லா இருக்கு. எங்க வீட்டுத் தண்ணியில மருந்து வாடைதான் வரும். இரு, இன்னொரு வாய் குடிச்சுக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், கையெழுத்து. போட்டதோட விட்டாரா? மத்தவங்க எப்படிப் போடுவாங்கன்னு சொல்றேன். ஒரே கடைக்காரன் மூணு லெட்டர்பேடு வச்சிருப்பான். அவன் பேர்ல ஒண்ணு, மச்சான் பேர்ல ஒண்ணு, செத்துப்போன அப்பா பேர்ல ஒண்ணு. மூணுலயும் அவனே விலை எழுதிக் குடுத்துடுவான். ஒரு தடவை ஒருத்தன் கவனக்குறைவா அப்பா பேர்ல விலையைக் கம்மியாப் போட்டுட்டான். ஆர்டர் செத்தவருக்குப் போயிடுச்சு! அப்பவும் ஒண்ணும் ஆகலை தெரியுமா? பொருள் வந்துச்சு, பில்லு பாஸாச்சு, ஆடிட்ல ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கலை. மூணு காகிதம் இருந்தா போதும் அவங்களுக்கு.

இவருகிட்டயும் மோட்டார் கடைக்காரன் வந்து, "சார், சாயங்காலத்துக்குள்ள மூணு கொட்டேஷன் தந்துடறேன்"னு சொல்லியிருக்கான். இவரு வேணாம்னுட்டாரு. வேணாம்னதோட நிறுத்தாம ஃபைல்ல எழுதறாரு, தன் கையாலயே: "இந்த மோட்டார் ஒரே ஒரு கடையில்தான் இருப்பில் உள்ளது. மூன்று விலைப்புள்ளி பெறவில்லை. பெற்றால் அவை பொய்யாகத்தான் இருக்கும். மக்கள் கல்குழித் தண்ணீர் குடிப்பதை நேரில் கண்டேன். விதிவிலக்கு அளிக்கிறேன்." கீழ கையெழுத்து, தேதி, 'பொறுப்பு'ன்னு சீல். எனக்கு ஒப்பிக்கற அளவுக்கு மனப்பாடம். தினம் அந்த ஜெராக்ஸைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்.

இந்த மாதிரி யாராவது எழுதுவாங்களா? சொல்லு. உண்மையை மனசுல வச்சுக்க வேண்டியதுதானே, ஃபைல்லயா எழுதறது? ஆடிட்காரன் வந்தான், படிச்சான், சக்கரைப் பொங்கல் கிடைச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டான். "மூணு கொட்டேஷன் வாங்கலைன்னு அவரே ஒத்துக்கிட்டிருக்காரே!"

ஏற்காட்டுலேர்ந்து வந்த குணசீலன் என்ன சொன்னாரு தெரியுமா? "நான் இருந்திருந்தா அனுமதிச்சிருக்க மாட்டேன்"னு எழுதிக் குடுத்துட்டாரு. அவரு எப்படிச் சொல்லாம இருப்பாரு? மோட்டார் ஓடாத நாள் பூரா மூக்கன்கொட்டாய்க்கு லாரியில தண்ணி போச்சுன்னு பில்லு இருக்கு. அந்த ஊராட்சி கிளார்க் முனிரத்தினம் எழுதின பில்லு, குணசீலன் பாஸ் பண்ண பில்லு. தினம் லாரி போச்சுன்னா அப்புறம் அவசரம் எங்கேர்ந்து வந்துச்சு? அவசரம் இல்லைன்னா இவரு போட்ட விதிவிலக்கு தப்பு. இவரு போட்டது சரின்னா லாரி பில்லு பொய். அவங்க ரெண்டு பேரு, இவரு ஒத்த ஆளு. நீயே சொல்லு, எது ஜெயிக்கும்?

எனக்கு அவங்க மேல கூட அவ்வளவு கோபம் இல்லைம்மா. அந்த ஊர்க்காரங்க மேலதான். மோட்டாரைப் போட்டாச்சு, தண்ணி வந்தாச்சு, அவனவன் குழாயைத் திறந்து குளிச்சுக்கிட்டிருக்கான். இந்த மனுஷனுக்கு மெமோ வந்து இத்தனை மாசம் ஆச்சு, ஒருத்தன் வந்து, "சார், எங்களாலதானே உங்களுக்கு இப்படி"ன்னு ஒரு வார்த்தை கேட்டானா? நன்றி கெட்ட ஜனங்க! அந்தக் கை முறிஞ்ச பொம்பளையாவது வந்திருக்கலாமில்ல? லாரியும் வரலை ஒண்ணும் வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா அவளுக்கு? நல்லா இருப்பாளா அவள்...

என்ன? என்ன சொன்ன?

எந்த ஊரு?

மூக்கன்கொட்டாயா?

அடக் கடவுளே. மனு கொடுக்க வந்தேன்னு சொன்னியே. இல்லை, நீ எங்க சொன்ன, நான்தான் சொன்னேன். அப்போ நீ, நீங்க, யாரு கூப்பிட்டு வந்தீங்க? முனிரத்தினமா? டீ குடிக்கப் போயிருக்கானா? "லாரி தினம் வந்துச்சுன்னு கேட்பாங்க, ஆமாம் சார்னு மட்டும் சொல்லு"ன்னு கூட்டிட்டு வந்தானா? படுபாவி!

என்னம்மா, எதுக்குப் புடவையை விலக்கற? ஐயோ. இந்தக் கையா? சரியாவே கூடலையே. மடக்க வருதா? வராதா? அதனாலதான் இடது கையால... நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசிட்டேனே. என் வாயில மண்ணைப் போட. மனசுல வச்சுக்காதீங்கம்மா.

பேரு என்ன? மாதம்மாவா. மாதம்மா, நீங்க அவன் சொன்ன மாதிரியா சொல்லப் போறீங்க? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இல்லையா? லாரி ஒரு நாளும் வரலைன்னு சொல்லப் போறீங்களா? அவனை நம்ப வச்சுக் கூட வந்ததே அதுக்குத்தானா? பஸ் ஏறி வந்து ஆபீசைத் தேடிப் பிடிக்க வழி தெரியாம, அவன் கூடவே அவன் செலவுலயே வந்துட்டீங்களா? அடி என் ராசாத்தி! நீங்க நல்லா இருக்கணும். உங்க வாயால அதைச் சொல்லிட்டீங்கன்னா, எங்க வீட்டு வாசல்ல ஜீப்பு வந்துடும். நான் உங்களையும் கூப்பிட்டு முன்னாடி நிக்க வைப்பேன், ஆரத்தித் தட்டுல ஒரு பக்கம் நீங்க பிடிக்கணும்.

இந்தத் தண்ணி? அந்த போர்த் தண்ணியா? அவருக்குக் குடுக்கத்தான் கொண்டு வந்தீங்களா?

நான் பாதியைக் குடிச்சிட்டேனே.

இருங்க, கதவு திறக்குது. அவர்தான். அவரே வர்றாரு. மாதம்மா, சொல்றதைக் கேளுங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா, அந்த ஓரத்துக்கே போங்க. கால் ஆடினா ஆடட்டும். நாம பேசவே இல்லை, சரியா? ஒரு வார்த்தை பேசலை. எழுந்து நிக்காதீங்க. கும்பிடாதீங்களேன்! ஐயோ, கும்பிட்டுட்டீங்களே, அந்த ஒத்தைக் கையைத் தூக்கினா அவருக்குத் தெரிஞ்சுடுமே!

வாங்க, முடிஞ்சுதா? முகமே வேர்த்துப் போச்சு. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், யார்கிட்டயும் பேசலை. இந்த பாட்டிலா? தாகமா இருந்துச்சு, வாங்கிக் குடிச்சேன். தண்ணிதான் குடிச்சேங்க. எவ்வளவு நேரமாவா? என்ன கேள்வி இது, அவங்க எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும். சரி, பேசினேன். கேஸைப் பத்தியும் பேசினேன், ஆனா இப்படிச் சொல்லுங்க, அப்படிச் சொல்லுங்கன்னு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அவங்களே உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்காங்க. எங்க போறீங்க? ஏங்க, முடிச்சிட்டுத்தானே வந்தீங்க, மறுபடியும் எதுக்கு உள்ள? போய்ச் சொல்லப் போறீங்களா? சாட்சிகிட்ட என் பொண்டாட்டி பேசிட்டாள்னு எழுதிக் குடுக்கப் போறீங்களா? வேணாங்க, அந்தம்மா சாட்சியே செல்லாமப் போயிடும். நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போகுது? இதுக்கு ஒண்ணுக்கு மட்டும், எனக்காக, ஒரே ஒரு தடவை விட்டுடுங்களேன். ஏங்க! ஏங்க!

கதவைச் சாத்திட்டாரு.

பார்த்தீங்களா மாதம்மா? பார்த்தீங்களா இந்த மனுஷனை? இதைத்தானே நான் இவ்வளவு நேரமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.